கிராபிக்ஸ் கார்டு எத்தனை வாட்னு போடச் சொல்லுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்க பேப்பர்ல கேமிங் லேப்டாப் பத்தி ஒரு பக்கம் வந்திருந்தது, பட்ஜெட்ல வாங்கலாமா இல்ல ஹை பெர்பாமன்ஸ் வாங்கலாமான்னு. எழுதினது தப்புன்னு சொல்ல வரல. ஆனா அந்தப் பக்கத்தை மடிச்சு பாக்கெட்ல வெச்சுகிட்டு ரெண்டு மூணு பேர் என்கிட்ட வந்தாங்க, அதனாலதான் எழுதறேன். நான் டெல்லி நேரு பிளேஸ்ல லேப்டாப் சர்வீஸ் பாக்கறவன். விக்கறது என் வேலை இல்ல, வித்ததுக்கப்புறம் சூடாகுது, ஃபேன் கத்துது, கேம் நடுவுல திக்குதுன்னு தூக்கிட்டு வருவாங்க பாருங்க, அதுதான் என் வேலை. இங்க தமிழ் பேசறவன் ஒருத்தன் பெஞ்சுல இருக்கான்னு தெரிஞ்சதும் ஆர்.கே. புரம், மயூர் விஹார்ல இருந்தெல்லாம் நம்ம ஆளுங்க வாங்கறதுக்கு முன்னாடியே வந்து கேக்கறாங்க.

அப்படி வந்த ஒரு அண்ணன், பையனை இன்ஜினியரிங் சேர்த்திருக்கார், கவர்மென்ட் குவார்ட்டர்ஸ்ல இருக்கார், கையில ரெண்டு கடை நோட்டீஸ். "தம்பி, ரெண்டுலயும் ஆர்டிஎக்ஸ் 4060ன்னுதான் போட்டிருக்கு, ரெண்டும் 8 ஜிபி. ஒண்ணு 20,000 கம்மி. கம்மியா இருக்கறதையே எடுத்துடலாம்ல?" அப்படின்னார். பையன் பக்கத்துல நின்னுகிட்டு "அப்பா, இது ஸ்லிம்மா வேற இருக்குப்பா"ங்கறான். நியாயமான கேள்விதான், அந்த நோட்டீஸை வெச்சு யாரு பாத்தாலும் அப்படித்தான் தோணும்.

விஷயம் என்னன்னா, ஆர்டிஎக்ஸ் 4060ங்கறது கேம் படத்தை ஓட்டற கிராபிக்ஸ் கார்டு, லேப்டாப்ல வர்ற 4060 எல்லாம் ஒரே கார்டு இல்ல. அதைச் செய்யற என்விடியாவே அதுக்கு 35 வாட்ல இருந்து 115 வாட் வரைக்கும்னு இடம் விட்டிருக்கு, அதுல எத்தனை வாட் குடுக்கறதுன்னு லேப்டாப் செய்யற கம்பெனி முடிவு பண்ணிக்கலாம். அதே இன்ஜின்தான், ஒருத்தன் ஆக்சிலேட்டரை முழுசா மிதிக்க விடறான், இன்னொருத்தன் பாதியில கட்டை வெச்சு நிறுத்தியிருக்கான். 45 வாட்ல ஓடற 4060, முழு வாட் கிடைக்கற 4050கிட்ட தோத்துப் போக நல்ல வாய்ப்பு இருக்கு, ஆனா நோட்டீஸ்ல பெரிய நம்பர் இருக்கறதால நாம 4060ங்கறதுக்குத்தான் காசு குடுக்கறோம். முன்னாடி பழைய தலைமுறை கார்டு, 10 சீரிஸ், 20 சீரிஸ் காலத்துல பவர் கம்மியான கார்டுக்கு பின்னாடி மேக்ஸ்-க்யூன்னு ஒரு ஒட்டாவது இருக்கும், 2021-ல 30 சீரிஸ் லேப்டாப் வந்தப்புறம் அந்த ஒட்டும் போச்சு.

மேல் ரகத்துலயும் இதே கதைதான். டெஸ்க்டாப் 4090ல 16,384 கோர் (கணக்கு போடற குட்டி யூனிட்), 24 ஜிபி மெமரி, 450 வாட். லேப்டாப் 4090ல 9,728 கோர், 16 ஜிபி, ரொம்ப மிஞ்சிப்போனா 175 வாட். பேரு மட்டும் ஒண்ணு. அது மோசமான லேப்டாப்புன்னு நான் சொல்லல, அருமையா ஓடும், ஆனா யூடியூப்ல டெஸ்க்டாப் 4090 ஓடறதைப் பாத்துட்டு அதே மாதிரி ஓடும்னு மூணு லட்சத்தைக் கொட்டறவங்க இருக்காங்க.

அதனால பட்ஜெட்டா ஹை பெர்பாமன்ஸானு கேக்கறதுக்கு முன்னாடி வாட் எத்தனைன்னு கேக்கணும்னு சொல்றேன். கடைக்காரர்கிட்ட கேட்டா பாதிப் பேருக்குத் தெரியாது, "சப் சேம் ஹை பாய்", எல்லாம் ஒண்ணுதான்ம்பாரு. டெமோ பீஸ் ஓடிகிட்டிருந்தா நீங்களே பாத்துக்கலாம். டெஸ்க்டாப்ல ரைட் கிளிக் பண்ணி என்விடியா கண்ட்ரோல் பேனல் திறந்து சிஸ்டம் இன்ஃபர்மேஷன் அமுக்குங்க, நீளமா ஒரு லிஸ்ட் வரும், அதுல மேக்சிமம் கிராபிக்ஸ் பவர்னு ஒரு வரி, பக்கத்துலயே வாட் எழுதியிருக்கும். அந்த அண்ணனை டெமோ இருக்கற கடைக்குக் கூட்டிட்டுப் போய் ரெண்டு மெஷின்லயும் திறந்து காட்டினேன். ஸ்லிம்மா இருந்ததுல அடுத்ததுக்குப் பாதி கூட இல்ல. பையன் மூஞ்சி விழுந்துடுச்சு, ஸ்லிம்னு ஆசைப்பட்டுட்டான் பாவம்.

அங்கயே டாஸ்க் மேனேஜர் திறந்து பெர்பாமன்ஸ்ல மெமரியைத் தொட்டீங்கன்னா ஸ்லாட்ஸ் யூஸ்ட் 1 ஆஃப் 2ன்னு காட்டும், அப்படின்னா ஒத்தை ரேம் போட்டு அனுப்பியிருக்காங்க. பட்ஜெட் லேப்டாப்ல இது சர்வ சாதாரணம். ஒத்தை ஸ்டிக்ல மெமரிக்கு ஒரு வழிதான், ரெண்டு போட்டா ரெண்டு வழி, சில கேம்ல இது ஒண்ணுலயே நல்ல வித்தியாசம் தெரியும். ரொம்ப நாளா நானே எல்லாருக்கும் சொல்லிட்டிருந்தது, பட்ஜெட்ல வாங்கு, அப்புறம் மெதுவா ஒரு ரேம் போட்டுக்கோன்னுதான். இப்ப அப்படிச் சொல்ல வாய் வரல. 2025 கடைசியில இருந்து ரேம் விலை எகிறிப்போச்சு, ஏஐ சர்வருக்கே மெமரி பூராவும் போகுது, க்ரூஷியல்னு ரேம் வித்துகிட்டிருந்த மைக்ரான் கம்பெனியே டிசம்பர்ல இந்த ரீட்டெயில் வியாபாரத்தை விட்டுடறோம்னு அறிவிச்சுட்டாங்க. வாங்கும்போதே 16 ஜிபி ரெண்டு ஸ்டிக்கா இருக்கான்னு பாத்து வாங்கறதுதான் இப்போதைக்கு லாபம், ரெண்டாயிரம் மூவாயிரம் கூடப் போனாலும் சரி.

இனி டெல்லி சமாச்சாரம், இதுதான் உங்க பக்கத்துல சுத்தமா இல்லாம இருந்தது. ரிவ்யூ பண்றவங்க எல்லாம் ஏசி ரூம்ல 24, 25 டிகிரியில வெச்சு டெஸ்ட் பண்றாங்க. லேப்டாப் ஃபேன் ஒண்ணும் ஏசி இல்ல, ரூம்ல இருக்கற காத்தையே உள்ள இழுத்து வெளிய தள்ளுது, அவ்வளவுதான். ரூம் 40 டிகிரின்னா அந்த 15 டிகிரியும் கிட்டத்தட்ட அப்படியே சிப் மேல ஏறும், 95, 100 தொட்டதும் சிப் தன்னைக் காப்பாத்திக்க வேகத்தைக் கொறைச்சுக்கும். அப்ப நீங்க காசு குடுத்து வாங்கின வாட்டும் கைக்கு வராது. 2024 மே மாசம் முங்கேஷ்பூர்ல 52.9 டிகிரின்னு ஊரே அலறுச்சு, அப்புறம் சென்சார் 3 டிகிரி கூட காட்டிடுச்சுன்னு வானிலைத் துறை சொன்னாங்க. சரி, மூணு டிகிரியைக் கழிச்சே வெச்சுக்கோங்க, அந்த வெயில்ல மூணாவது மாடி பர்சாத்தில, அதான் மொட்டை மாடி ரூம்ல, தகர ஷெட்டுக்குக் கீழ உக்காந்து சைபர்பங்க் கேம் ஓட்டற பையனோட லேப்டாப் என்ன பண்ணும்?

தூசி அதுக்கும் மேல. பின்பக்க மூடியைக் கழட்டி ஃபேனைத் தூக்கினா, ஃபேனுக்கும் சூட்டை வெளிய கடத்தற ஹீட்சிங்க் தகடுக்கும் நடுவுல சாம்பல் கலர்ல கம்பளி மாதிரி ஒரு பட்டை நிக்கும், இடுக்கி வெச்சு இழுத்தா முழுசா ஒரே துண்டா வரும். மூடியில இருக்கற ஓட்டை வழியா ஏர் அடிச்சா அது போகாது, உள்பக்கமா இருக்கும், கழட்டித்தான் எடுக்கணும். ஒரு வருஷம் ஓடின மெஷின்லயே இப்படி. அதனால ஸ்லிம்முக்கு ஆசைப்படாதீங்கன்னு கெஞ்சறேன். தடியா இருக்கறது, பின்னாடி ரெண்டு பக்கமும் காத்து போற வழி இருக்கறது, மூடியைச் சாதாரண ஸ்க்ரூ டிரைவர்ல கழட்ட முடியறது, இதெல்லாம் பாருங்க. டெசர்ட் கூலர் வெச்சிருக்கற வீட்டுல அதுக்கு நேர் எதிர்ல லேப்டாப்பை வெக்காதீங்க, ஜில்லுனு இருக்கும்னு நெனச்சு வெக்கறாங்க, அந்த ஈரக்காத்தும் தூசியும் சேர்ந்து உள்ள சேறாப் படிஞ்சிடும், அதை எடுக்கறது பெரும்பாடு.

ஹை பெர்பாமன்ஸ் வாங்கறவங்களுக்கு ஒண்ணு. 4060ல இருந்து 4070க்குப் போறதுக்கு சுளையா காசு கேக்கறாங்க, ரெண்டுலயும் கார்டோட சொந்த மெமரி 8 ஜிபிதான். 2025-ல வந்த 50 சீரிஸ்லயும் 5060, 5070 ரெண்டும் 8 ஜிபியோடதான் இறங்குச்சு, அப்ப 12 ஜிபி வேணும்னா 5070 டிஐக்குத்தான் போக வேண்டியிருந்தது. இந்த மெமரியை அப்புறமா கூட்டிக்க முடியாது, போர்டோட ஒட்டினது. இண்டியானா ஜோன்ஸ், டூம் டார்க் ஏஜஸ் மாதிரி கேம் எல்லாம் குறைஞ்சது 8 ஜிபியும், வெளிச்சம் நிழலை நிஜம் மாதிரி காட்டற ரே டிரேசிங் வசதி இருக்கற கார்டும் இருந்தாத்தான்னு கேக்குது. அதனால என் கணக்கு, நல்லா வாட் குடுக்கற 4060 அல்லது 5060ல நின்னுக்கலாம், அதைத் தாண்டணும்னா நேரா 12 ஜிபிக்குத் தாண்டணும். நடுவுல இருக்கறது கடைக்காரருக்குத்தான் நல்லது.

பட்ஜெட்காரங்களுக்கு இன்னொரு விதமா சொல்றேன். பையன் வாலரண்ட்டும் சிஎஸ் 2வும் தான் ஆடறான்னா 60, 70 ஆயிரம் லேப்டாப் தாராளமா போதும், வாலரண்ட் எல்லாம் தனி கார்டே இல்லாத மெஷின்லயும் ஓடற கேம். பிஜிஎம்ஐ ஆடறதுக்கு கேமிங் லேப்டாப் வேணும்னு அடம்பிடிக்கற பையனும் வர்றான், அது போன் கேம் தம்பி, அதுக்கு எதுக்கு அப்பா காசைக் கரைக்கறன்னு அனுப்பிடுவேன். ஆனா 3050 கார்டு, 4 ஜிபின்னு இன்னும் புதுசா வித்துகிட்டிருக்கறதை மட்டும் எடுக்காதீங்க. ஸ்க்ரீனையும் பாருங்க, 144 ஹெர்ட்ஸ்னு கொட்டை எழுத்துல போட்டுட்டு கீழ பொடியா 45 சதவீதம் என்டிஎஸ்சின்னு (ஸ்க்ரீன் எவ்வளவு கலர் காட்டும்ங்கற அளவு) இருந்தா கலர் வெளிறிப்போய் இருக்கும், பொண்ணு டிசைன் படிக்குது, அதே லேப்டாப்லதான் வேலையும் செய்யணும்னா அது உதவாது.

வெயிட்டையும் யாரும் சொல்றதில்ல. மெஷின் ரெண்டரை கிலோ, சார்ஜர் செங்கல் மாதிரி தனி, அதை விட்டுட்டும் போக முடியாது, ஏன்னா பேட்டரியில கேம் ஆடினா பவரைக் கொறைச்சிடும், அதுவும் ஒரு மணி நேரம் தாங்கினா பெருசு. தினமும் மெட்ரோ வயலட் லைன்ல நின்னுகிட்டே காலேஜ் போற பையன் முதுகுல அதை மாட்டி விடறதுக்கு முன்னாடி யோசிங்க. ஹாஸ்டல்லயே ஒரே மேஜையில கிடக்கப் போகுதுன்னா அதே காசுக்கு டெஸ்க்டாப் வேற லெவல்ல ஓடும், ஆனா பெத்தவங்க கேக்க மாட்டேங்கறாங்க, லேப்டாப்னாத்தான் படிப்புங்கற நெனப்பு. கிரெடிட் கார்டுல நோ காஸ்ட் இஎம்ஐ போட்டு எடுக்கறவங்க வட்டி மேல 18 சதவீத ஜிஎஸ்டியும் பிராசசிங் பீஸும் தனியா வரும்ங்கறதைச் சேர்த்து கூட்டிப் பாருங்க.

இப்ப உங்களுக்கு என் கோரிக்கை. தீபாவளிக்கும், ஜூன் ஜூலையில காலேஜ் திறக்கற நேரத்துலயும் உங்க பேப்பர்லயே முழுப் பக்க விளம்பரம் வருது, ஆர்டிஎக்ஸ்னு அரைப் பக்கத்துக்கு எழுத்து, தள்ளுபடி விலை, ஒரு நடிகர் லேப்டாப்பை ஒத்தைக் கையில தூக்கிப் பிடிச்சுகிட்டு சிரிக்கறாரு. அதுல கார்டு வாட் எத்தனை, ரேம் எத்தனை ஸ்டிக், ஸ்க்ரீன் என்ன தரம், இந்த மூணும் இருக்கணும்னு விளம்பரம் குடுக்கறவங்ககிட்ட நீங்க கேக்கலாம். அடுத்த தடவை இந்த மாதிரி ஒப்பீடு போடும்போது உங்க டேபிள்லயும் வாட்டுக்குன்னு ஒரு வரிசை போடுங்க. விளம்பரத்துல இடம் இல்லைன்னு சொன்னாங்கன்னா அந்த நடிகரைக் கொஞ்சம் சின்னதாப் போட்டுக்கச் சொல்லுங்க.

இப்படிக்கு,
ஒரு லேப்டாப் சர்வீஸ்காரன்,
நேரு பிளேஸ், புது டெல்லி