காதுக்குள் பேசியவர்களுக்கு

எல்லோருக்கும் வணக்கம்.

22 ஆண்டுகள் செய்தி வாசித்துவிட்டு, போன வெள்ளிக்கிழமை இரவு 9 மணி புல்லட்டினோடு விடைபெற்றுக்கொண்டேன். அன்றிலிருந்து வாழ்த்துகள் வந்தபடியே இருக்கின்றன. எல்லாம் என் பெயருக்கு. அவற்றில் பாதிக்கு மேல் வேறு சிலருக்குப் போய்ச் சேர வேண்டியவை. அதற்காகத்தான் இந்த மடல்.

முதல் நன்றி, எனக்கு வாசிக்கக் கற்றுக்கொடுத்த அக்காவுக்கு. சேர்ந்த முதல் வாரம் என்னை கேமரா பக்கமே விடவில்லை. கையில் ஒரு தாளையும் பென்சிலையும் கொடுத்தார். மூச்சு எடுக்கும் இடத்தில் ஒரு கோடு, நின்று போக வேண்டிய இடத்தில் இரண்டு கோடு, அழுத்த வேண்டிய சொல்லுக்கு அடியில் ஒரு கோடு. 1,47,350 மாதிரி எண் வந்தால் அதை எழுத்தால் எழுதிக்கொள்ள வேண்டும், இல்லாவிட்டால் நாக்கு நடுவில் நின்றுவிடும். “மழை, வெள்ளம், பள்ளம் மூணும் ஒரே வாக்கியத்துல வரும். அன்னைக்கு உன் நாக்கு உனக்கு உதவணும்” என்று சொல்லிச் சொல்லிப் பழக்கினார். அந்த மழைக்கால வாக்கியம் வருடம் தவறாமல் வந்தது. ஒவ்வொரு முறையும் அக்காவை நினைத்துக்கொண்டுதான் வாசித்தேன்.

அடுத்து, ப்ராம்ப்டர் ஓட்டிய தம்பிக்கு. கேமரா லென்ஸுக்கு முன்னால் ஒரு கண்ணாடி சாய்வாக இருக்கும். கீழே உள்ள திரையில் நான் வாசிக்க வேண்டிய செய்தியின் எழுத்துகள் இடவலம் மாறி ஓடும், கண்ணாடியில் நேராகத் தெரியும். அதனால்தான் பார்ப்பவர்களுக்கு நான் அவர்கள் கண்ணைப் பார்த்தே பேசுவது போலத் தோன்றும். அந்த வரிகளை ஒரு மனிதர் உட்கார்ந்து ஓட்டுகிறார் என்பது வெளியே பலருக்குத் தெரியாது. எனக்கு ஓட்டிய தம்பி 11 வருடம் என் மூச்சைக் கேட்டே ஓட்டினான். தொண்டை கட்டிய நாளில் நான் எதுவும் சொல்லாமலே வரிகள் மெதுவாக வரும். ஒரு நாள்கூட நான் அவனைத் துரத்த வேண்டி வந்ததில்லை, அவனும் என்னைத் துரத்தியதில்லை.

இனி, கட்டுப்பாட்டு அறையில் இருந்து என் காதுக்குள் பேசிய புரொடியூசர் சார். ஒரே ஒரு மாலையை மட்டும் சொல்கிறேன். மூத்த கலைஞர் ஒருவர் மருத்துவமனையில் இருந்தார். மற்ற இடங்களில் ‘காலமானார்’ என்று ஓடத் தொடங்கிவிட்டது. எங்கள் ப்ராம்ப்டரிலும் அந்த வரி ஏறிவிட்டது. நான் வாயைத் திறந்த நொடியில் இயர்பீஸில் அவர் குரல்: “படிக்காதம்மா. வீட்டுக்காரங்க இன்னும் சொல்லல. அடுத்ததுக்குப் போ.” போனேன். அந்தக் கலைஞர் இன்னும் நான்கு நாள் உயிரோடு இருந்தார். அந்த நான்கு நாளும் அவர் வீட்டில் யாராவது டிவியைப் போட்டிருப்பார்கள் அல்லவா? சார், உயிரோடு இருந்தவரைக் கொன்ற பாவம் என் நாக்கில் ஏறாமல் காத்தது நீங்கள். இதை உங்களிடம் நேரில் நான் சொன்னதே இல்லை.

செய்தியைச் சுருக்கி, பேசக்கூடிய தமிழில் எழுதித் தந்த டெஸ்க் நண்பர்களுக்கும், நான் உலர்ந்த உடையில் உட்கார்ந்து “மேலும் விவரங்களுக்கு நமது செய்தியாளர்” என்று சொன்னபோதெல்லாம் இடுப்பளவு தண்ணீரில் நின்று பேசியவர்களுக்கும் நன்றி. இரவு 9 மணிக்கு வீட்டில் இருக்க முடியாத மருமகளுக்காக, வருடக்கணக்கில் என் மகளைத் தூங்கவைத்த மாமியாருக்கும்.

பெயர் தெரியாத ஒரு நேயரையும் சொல்ல வேண்டும். பிபிசியில் 1955 வரை செய்தி வாசிப்பவரின் முகத்தையே திரையில் காட்டவில்லை. முகபாவம் செய்தியின் நிறத்தை மாற்றிவிடுமோ என்ற தயக்கம். அது நியாயம்தான் என்று நானும் நினைத்திருந்தேன், அந்த நேயரின் கடிதம் வரும் வரை. அவருக்குக் காது கேட்காது. உதடுகளைப் பார்த்துத்தான் செய்தி தெரிந்துகொள்கிறார். “நீங்கள் தாளைப் பார்க்கக் குனியும்போதெல்லாம் எனக்கு ஒரு வரி போய்விடுகிறது” என்று எழுதியிருந்தார். அன்றிலிருந்து ஒவ்வொரு வாக்கியத்தின் முதல் சொல்லுக்கும் முன்பே நிமிர்ந்துவிடுவேன். கடைசி நாள் வரை அப்படித்தான். ஐயா, நீங்கள் எங்கே இருக்கிறீர்களோ, அந்தக் கடிதம் இன்னும் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

வெள்ளிக்கிழமை புல்லட்டின் முடிந்ததும் விளக்குகள் அணைந்தன. சட்டை மைக்கை வாங்க ஃப்ளோர் மேனேஜர் அண்ணன் வந்தார். மைக்கைக் கொடுத்துவிட்டேன். இயர்பீஸைக் கழற்ற மட்டும் கை வரவில்லை. அண்ணன் எதுவும் கேட்காமல், ஒயரைச் சுற்றியபடி கொஞ்ச நேரம் பக்கத்தில் நின்றார். அதற்கும் நன்றி, அண்ணா.

அன்புடன்,
உங்கள் இரவுச் செய்தி வாசிப்பாளர்