பேத்தியின் படிப்புச் செலவு குறித்து

அன்புள்ள மகளுக்கு,

உங்கள் ஓய்வுக்காலச் சேமிப்பை நிறுத்திவிட்டு, அந்தப் பணம் முழுவதையும் குழந்தையின் கல்லூரிப் படிப்புக்காக அவள் பெயரில் போடலாமா என்று கேட்டிருந்தாய். வேண்டாம் என்பதே என் கருத்து. படிப்புக்குக் கடன் கிடைக்கும், தகுதி இருந்தால் உதவித்தொகையும் கிடைக்கும். எழுபது வயதில் நீங்கள் வீட்டுச் செலவுக்குக் கடன் கேட்டால் கொடுப்பார் இல்லை. அந்தப் பாரம் கடைசியில் அவள் தலையில்தான் வந்து விழும்.

ஓய்வுக்காலத்துக்குப் போவது போகட்டும். எஞ்சுவதில் ஒரு சிறு தொகையை இந்த மாதமே தொடங்கிவிடு. மாதம் 100 வீதம் போட்டு, ஆண்டுக்கு 6 சதவீத வட்டி மாதந்தோறும் சேர்ந்துகொண்டே வந்தால், 18 ஆண்டுகளில் நீ போட்ட 21,600 ஏறத்தாழ 38,700 ஆகியிருக்கும். அவளுடைய ஒன்பதாம் வயதில் தொடங்கினாலோ 14,300 அளவில்தான் தேறும். அதே 38,700-ஐ எட்ட மாதம் 271 போட வேண்டும். இதில் மகிழ்ந்துவிடவும் முடியாது, ஏனென்றால் கட்டணமும் ஆண்டுக்கு 6 சதவீதம் ஏறினால் 12 ஆண்டுகளில் இரட்டிப்பாகிவிடும். அதனால்தான் தொடக்க ஆண்டுகளில் ஒரு பகுதியைப் பங்குச் சந்தை சார்ந்த திட்டங்களில் வைக்கலாம் என்கிறேன். ஆனால் கல்லூரிக்கு நான்கைந்து ஆண்டுகள் இருக்கும்போதே அதைப் படிப்படியாக வைப்புத்தொகைக்கு மாற்றிவிடு, கட்டணம் கட்டும் வேளையில் சந்தை சரிந்தால் மீண்டெழக் காலம் இராது.

கணக்கை உன் பெயரிலேயே வைத்துக்கொள். பிள்ளையின் பெயரில் இருப்பது வயது வந்ததும் பல நாடுகளில் பிள்ளையின் கைக்கே போய்விடும். (நீ பதினெட்டு வயதில் எதை வாங்கியிருப்பாய் என்று நினைத்துப் பார்!)

கடன் வாங்க நேர்ந்தால், படிக்கும் காலத்தில் தவணை இல்லை என்பதை வட்டியும் இல்லை என்று எண்ணிவிட வேண்டாம். பல கடன்களில் வட்டி முதல் நாளிலிருந்தே ஏறும். மொத்தக் கடன், அவள் வேலைக்குச் சேரும் முதல் ஆண்டுச் சம்பளத்தைத் தாண்டாதிருப்பது நல்லது. உங்களால் எவ்வளவு தர முடியும் என்பதை அவள் கல்லூரிகளைத் தேர்ந்தெடுக்கும் முன்பே சொல்லிவிடுங்கள்; இடம் கிடைத்தபின் மறுப்பது கொடுமை.

மாப்பிள்ளையின் ஓய்வூதியக் கணக்கில் நிறுவனமும் தன் பங்கைப் போடுகிறதா என்று கேட்டு எழுது. போடுகிறது என்றால், நீங்கள் நிறுத்தும் அன்றே அதுவும் நின்றுபோகக்கூடும்.

அன்புடன்,
அப்பா