கணையம் தந்தவர்களுக்கும் கண்ணைக் கவனித்தவர்களுக்கும்

அனைவருக்கும் வணக்கம்.

சிறுநீரகம், கணையம் இரண்டையும் ஒரே அறுவை சிகிச்சையில் மாற்றிக்கொண்டு, இன்சுலினும் டயாலிசிஸும் இல்லாமல் இருக்கிறேன். நலம் விசாரிக்கிறவர்கள் எல்லாரும் வயிற்றுத் தழும்பைப் பற்றித்தான் கேட்கிறார்கள், கண்ணை யாரும் கேட்பதில்லை. சின்ன வயதிலேயே வந்த முதல் வகை நீரிழிவு, சிறுநீரகத்தைக் கெடுத்த கையோடு விழித்திரையையும் பதம் பார்த்திருந்தது. இரண்டிலும் அடிபடுவது மெல்லிய ரத்தக் குழாய்கள்தானே. இன்று இந்த மடலை நானே வாசித்துத் திருத்த முடிகிறது என்றால் அதற்குப் பல பேர் காரணம்.

முதல் நன்றி, பெயர் தெரியாத அந்தக் குடும்பத்துக்கு. மூளைச்சாவு என்ற சொல்லைக் கேட்ட துக்கத்திலும் உறுப்பு தானத்துக்குச் சம்மதித்தீர்கள். இதற்கு மேல் எதை எழுதினாலும் குறைவாகவே இருக்கும்.

அடுத்து, காத்திருப்போர் பட்டியலில் பெயர் ஏறும்போதே "கண் டாக்டர் கடிதம் எங்கே?" என்று கேட்ட ஒருங்கிணைப்பாளர் அம்மாவுக்கு. கணையம் வந்தால் சர்க்கரை சரியாகும், சர்க்கரை சரியானால் கண்ணும் சரியாகும் என்பதுதான் என் கணக்கு. கண் மருத்துவர் பொறுமையாக உட்கார்ந்து அதைத் திருத்தினார். புதுக் கணையம் வேலையைத் தொடங்கியதும் சர்க்கரை மடமடவென்று இறங்கும். பல வருடம் உயர்ந்தே இருந்த சர்க்கரை அப்படி வேகமாக இறங்கும்போது, சிலருக்கு முதல் சில மாதங்களில் விழித்திரைக் கோளாறு கூடுவது உண்டு. இன்சுலினால் சர்க்கரையைக் கடுமையாகக் கட்டுப்படுத்திப் பார்த்த டிசிசிடி என்ற பெரிய மருத்துவ ஆய்விலும் இது தெரிந்தது. ஆனால் 1993-இல் வெளியான அதே ஆய்வில், ஏற்கெனவே விழித்திரை பாதித்திருந்தவர்களுக்கு அது முற்றும் அபாயம் நாளடைவில் 54 சதவீதம் குறைந்திருந்தது. "அதனால் பயப்படாதீர்கள், முன்கூட்டியே லேசரை முடித்துவிடுவோம்" என்றார். புதிதாக முளைத்து, எப்போது வேண்டுமானாலும் கசியக்கூடிய குழாய்களை அடக்கிய பிறகுதான் அறுவை சிகிச்சைக்குக் கையெழுத்துப் போட்டார். டாக்டர், அந்தப் பிடிவாதத்துக்கு நன்றி.

அப்படியும் வலது கண் விழித்திரையில் வீக்கம் வரத்தான் செய்தது. கண்ணுக்குள் ஊசி என்றதும் என் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு, கையைப் பிடித்துக்கொண்ட நர்ஸுக்கு நன்றி. (கேட்கத்தான் பயங்கரம். மரத்துப்போகும் சொட்டு மருந்து விட்ட பிறகு ஓர் அழுத்தம் மட்டும் தெரியும்.) ஓசிடி என்ற விழித்திரை ஸ்கேன் எடுக்கும் தம்பி ஒவ்வொரு முறையும் பழைய படத்தையும் புதிய படத்தையும் பக்கத்தில் வைத்துக் காட்டுவார். வீக்கம் வற்றுவதை நானே பார்த்ததில் பாதி பயம் போயிற்று.

உறுப்பை உடம்பு தள்ளிவிடாமல் காக்கும் மாத்திரைகளும் கண்ணைச் சும்மா விடுவதில்லை. ப்ரெட்னிசோலோன் கண்புரையைக் கொண்டுவரலாம், கண் அழுத்தத்தையும் ஏற்றலாம். டாக்ரோலிமஸ் சர்க்கரையையே ஏற்றக்கூடியது. எனக்குப் புரை வந்தபோது, அதை எப்போது எடுப்பது, ஸ்டீராய்டை எவ்வளவு குறைப்பது என்று இரண்டு துறை மருத்துவர்களும் நேரடியாகப் பேசி முடிவெடுத்தார்கள். நான் நடுவில் தூது போக வேண்டியிருக்கவில்லை. இது எவ்வளவு பெரிய நிம்மதி என்பது நோயாளிகளுக்குத் தெரியும்.

ஒரு நாள் சாயங்காலம் இடது கண்ணில் கறுப்புப் புள்ளிகள் மிதந்தன. போனை எடுத்த மாற்று சிகிச்சைப் பிரிவு நர்ஸ், வலி இல்லை என்று நான் சொல்லியும் "உடனே வாருங்கள்" என்றார். எதிர்ப்பு சக்தியை அடக்கி வைத்திருக்கும் உடம்பில் சைட்டோமெகலோ வைரஸ் விழித்திரையைத் தாக்கினால் வலியே இருக்காதாம். எனக்கு வந்தது சிறிய ரத்தக்கசிவுதான், தானே கரைந்துவிட்டது. ஆனாலும் அந்த "உடனே"வுக்கு நன்றி.

சிறுநீரகம் மட்டும் மாற்றிக்கொண்ட நண்பர்களுக்கும் இதில் பங்கு உண்டு. உடம்பில் தேங்கிய நீர் வடிந்து, சிலருக்கு விழித்திரை வீக்கமும் குறைந்தது. ஆனால் நீரிழிவு அப்படியே இருக்க, மேலே ஸ்டீராய்டும் சேர்ந்ததால் சர்க்கரையோடு அவர்கள் மல்லுக்கட்ட வேண்டியிருந்தது. கண் பரிசோதனைத் தேதி வந்தால் முதலில் நினைவூட்டியவர்கள் அவர்கள்தான்.

அப்புறம் என் தங்கை. நன்றி சொன்னால் திட்டுவாள், பரவாயில்லை. கண் பாப்பாவை விரிக்கும் மருந்து விட்டு நான் வெளிச்சக் கூச்சத்தில் கண்ணை மூடிக்கொண்டிருந்த நேரமெல்லாம், ரிப்போர்ட்டை வாசித்துச் சொல்லி, மாத்திரைப் பட்டியலைச் சரிபார்த்து, வீட்டுக்குக் கூட்டிவந்தவள் நீ. அடுத்த மாதமும் சொட்டு மருந்து விடுவார்கள். வண்டி நீதான் ஓட்ட வேண்டும்.

நன்றியுடன்,
உங்கள் அனைவருக்கும் கடன்பட்டவன்