முதலில் பிரேக், கடைசியில்தான் இன்ஜின்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

கொட்டகையில் பல வருடம் நின்றுபோன ஸ்போர்ட்ஸ் கார்களை மறுபடி ஓட வைப்பது பற்றி உங்கள் வாகனப் பக்கத்தில் வந்த குறிப்பைப் படித்தேன். புது பேட்டரியும் ஐந்து லிட்டர் பெட்ரோலும் இருந்தால் போதும், மற்றதைப் பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிற தொனி அதில் இருந்தது. புதுச்சேரி, கடலூர் மாதிரி உப்புக்காற்று அடிக்கிற ஊரில் அதை நம்பி யாராவது செல்ஃப் அடித்தால், முப்பது வருடம் நின்றும் கெடாத பாகம் அரை நிமிடத்தில் கெட்டுப்போகும். எடுத்துக்காட்டாக, 1962-ல் வெளிவந்த ட்ரையம்ஃப் ஸ்பிட்ஃபயரை வைத்துச் சொல்கிறேன். சென்னை அருகே தயாரான ஸ்டாண்டர்டு ஹெரால்டுக்கு அது பங்காளி முறை. அதனால் அதன் அமைப்பு இங்குள்ள பழைய மெக்கானிக்குகளுக்குப் புதிதல்ல.

முதல் வேலை பிரேக். இந்தக் காரின் ஆரம்ப மாடல்களில் நான்கு சக்கரத்துக்கும் ஒரே லைன்தான். எங்கோ ஒரு குழாய் விட்டால் காலடியில் ஒன்றுமே இருக்காது, கைபிரேக் மட்டும்தான் மிஞ்சும். பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சுகிற சரக்கு. நின்ற இடத்திலேயே மாஸ்டர் சிலிண்டரையும் வீல் சிலிண்டரையும் உள்ளுக்குள் அரித்திருக்கும். ரப்பர் ஹோஸ் வெளியே பார்க்க நன்றாக இருந்தாலும் உள்ளே வீங்கி வழியை அடைத்திருக்கும். மிதித்தால் ஆயில் போகும், காலை எடுத்தால் திரும்பாது, சக்கரம் இறுகியபடியே நிற்கும். நான்கு ஹோஸையும் யோசிக்காமல் மாற்றிவிடுங்கள். முன்பக்க டிஸ்க்கை இறுக்கிப் பிடிக்கும் காலிபரின் பிஸ்டன் ஜாம் ஆகியிருந்தால் கம்ப்ரெஸர் காற்றால் தள்ள வேண்டாம். அது குண்டு மாதிரி வெளியே வரும். பிளீடர் துளையில் நிப்பிள் மாட்டி கிரீஸ் கன்னால் அழுத்தினால் நிதானமாக வரும். பிறகு கிரீஸ் ஒரு துளிகூட மிஞ்சாமல் கழுவ வேண்டும். மீதி கிரீஸ் புது சீலை ஊதவைத்துவிடும்.

பிரேக் முடிந்த பிறகு இன்ஜின். அப்போதும் செல்ஃப் கிடையாது. நான்கு பிளக்கையும் கழற்றி, ஆட்டோ கியர்பாக்ஸ் ஆயிலும் அசிட்டோனும் சரிபாதி கலந்து, ஒவ்வொரு சிலிண்டரிலும் சுமார் 20 மில்லி ஊற்றி ஒரு வாரம் விடுங்கள். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும், திறந்த வெளியில் செய்யுங்கள். இதற்கிடையில் வால்வு மூடியைத் திறந்து வையுங்கள். பிறகு கிராங்க் புல்லி நட்டில் சாக்கெட் போட்டு, கியரை நியூட்ரலில் வைத்துக் கையால் மெதுவாக முன்னும் பின்னும் அசைத்துத் திருப்ப வேண்டும். பிஸ்டன் ரிங்கைப் பிடித்திருக்கிற துரு மெல்லத்தான் விடும். நாலு பேர் சேர்ந்து தள்ளி இரண்டாம் கியரில் போட்டு எழுப்பினால் ரிங் உடையும். வால்வுகள் தங்கள் குழாயான கைடில் ஒட்டியிருந்தால், அவற்றை இயக்கும் புஷ்ராட் வளையும். எட்டு வால்வும் ஏறி இறங்குவதைக் கண்ணால் பார்த்த பிறகே அடுத்த கட்டம்.

இந்த இன்ஜினுக்கென்று ஒரு தனி வியாதி உண்டு. கிராங்கை முன்பின் நகராமல் பிடிக்கும் த்ரஸ்ட் வாஷர் தேய்ந்து, அடியிலுள்ள ஆயில் தொட்டியான சம்ப்பில் விழுந்துவிடும். ஒருவர் கிளட்ச்சை மிதிக்க, மற்றவர் முன்புல்லியைப் பார்க்கட்டும். நகர்வு 0.004 முதல் 0.008 அங்குலத்துக்குள், பட்டறைப் பேச்சில் நாலிலிருந்து எட்டு தௌ, இருக்கலாம். கண்ணுக்கே தெரிகிற அளவு நகர்ந்தால் சம்ப்பைக் கழற்றாமல் மேலே போகக்கூடாது. வாஷர் சில நூறு ரூபாய் பொருள்தான். அதை விட்டால் பிளாக்கே போய்விடும்.

பிறகு பழைய ஆயிலை வடித்து, ஃபில்டர் மாற்றி, 20டபிள்யூ-50 ஆயில் ஊற்றி, பிளக் இல்லாமலே செல்ஃப் போட்டு ஆயில் விளக்கு அணைகிறவரை சுற்றவிடுங்கள். டிஸ்ட்ரிப்யூட்டர் பாயிண்ட் இடைவெளி 15 தௌ, பிளக் 25 தௌ, வால்வு டேப்பட் 10 தௌ.

பேட்டரியை மாட்டுவதில் ஒரு சிக்கல் இருக்கிறது. ஆரம்பகால ஸ்பிட்ஃபயர்களில் பாசிட்டிவ் முனைதான் பாடி எர்த். இன்றைய வழக்கப்படி நெகட்டிவை பாடியில் மாட்டினால் மின்பாகங்கள் கெடலாம். எல்லா சுவிட்சையும் அணைத்து, பேட்டரிக்கும் வயருக்கும் நடுவே 21 வாட் பல்பைப் போட்டுப் பாருங்கள். பல்பு எரிந்தால் எங்கோ எலி கடித்த வயர் பாடியைத் தொடுகிறது என்று பொருள்.

பெட்ரோல் டேங்க்கை முகர்ந்தால் வார்னிஷ் வாசனை வரும். டேங்க்கைக் கழற்றி, ஒரு கைப்பிடி அளவு நட்டுகளை உள்ளே போட்டு உருட்டிக் கழுவுங்கள். அதுவரை தனிக் கேனிலிருந்து இன்ஜினை ஓட்டிப் பார்க்கலாம். பங்க்கில் இப்போது கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல். பழைய ரப்பர் அதில் இளகிவிடும். ஜே30 ஆர்9 என்று அச்சிட்ட ஹோஸ் வாங்குங்கள். பெட்ரோல் பம்ப்பின் டயஃப்ராமை கட்டாயம் மாற்ற வேண்டும். அது கிழிந்தால் பெட்ரோல் வெளியே ஒழுகுவது மட்டுமல்ல, இன்ஜின் ஆயிலிலும் கலக்கும். அப்புறம் பேரிங் தாங்காது. ஈயமில்லாப் பெட்ரோல் நாடு முழுக்க வந்தது 2000 பிப்ரவரியில். அதற்கு முன்பே நின்றுவிட்ட காரின் எக்ஸாஸ்ட் வால்வு சீட்டு இந்தப் பெட்ரோலை ருசித்ததே இல்லை; சீட்டைத் தேயாமல் காத்த ஈயம் இதில் கிடையாது. நிதானமாக ஓட்டினால் தாங்கும். என்றைக்காவது ஹெட்டை இறக்கும்போது கடினமான சீட்டு வளையம் அடித்துவிடுங்கள்.

2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயலில் தண்ணீர் ஏறிய வீடுகளில் நின்ற கார்களுக்கு இன்னொரு சோதனை உண்டு. கியர்பாக்ஸ், டிஃபரன்ஷியல் ஆயிலைக் கொஞ்சம் வடித்துப் பாருங்கள். மோர் நிறத்தில் வந்தால் தண்ணீர் புகுந்துவிட்டது. கியர்பாக்ஸுக்கு ஜிஎல்-4 ஆயில்தான், ஜிஎல்-5 அதிலுள்ள பித்தளைப் பாகங்களை அரிக்கும்.

உயிரைக் குடிக்கக்கூடியது, முன்சக்கரம் திரும்ப உதவும் மூட்டான ட்ரன்னியன். பித்தளைக் கூட்டுக்குள் இரும்புத் தண்டின் மரை சுழல்கிற அமைப்பு அது. நிப்பிளைப் பார்த்தவுடன் எல்லோரும் கிரீஸ் அடிக்கிறார்கள். அங்கே போக வேண்டியது ஈபி90 ஆயில். கிரீஸ் மரைக்குள் இறங்காது, மேலே இறுகி நின்றுவிடும், அடியில் ஈரம் தங்கித் தண்டு அரிபடும். ஒரு நாள் திருப்பத்தில் தண்டு முறிந்து சக்கரம் மடங்கும். கழற்றி, மரையைக் கண்ணால் பார்க்காமல் ரோட்டுக்கு வரவேண்டாம்.

பாடியில் கதவுக்குக் கீழே ஓடும் சில் வெறும் அலங்காரத் தகடு அல்ல. உடலின் பலமே அதில்தான். காந்தத்தை வைத்துப் பாருங்கள், ஒட்டாத இடமெல்லாம் புட்டி. வெட்டி மாற்றும் டிங்கர், முதலில் கதவுத் திறப்பின் குறுக்கே ஒரு இரும்புக் கம்பியை வெல்டு அடித்துக்கொள்ளட்டும். இல்லாவிட்டால் கார் நடுவில் தொய்ந்து, புது சில் போட்ட பிறகு கதவு சாத்தாது.

உதிரிபாகத்துக்கு ஹெரால்டைத் தேடுவது நல்ல யோசனைதான், ட்ரன்னியன் உட்பட முன் சஸ்பென்ஷனில் நிறைய பொருந்தும். ஆனால் இங்கே தயாரான ஹெரால்டு 948 சிசி, சிலிண்டர் விட்டம் 63 மி.மீ.; முதல் ஸ்பிட்ஃபயர் 1147 சிசி, 69.3 மி.மீ. பிஸ்டனும் ரிங்கும் சேராது. ஹெரால்டில் முன்பக்கமும் டிரம் பிரேக் என்பதால் காலிபருக்கும் அதை நம்ப முடியாது.

கடைசியாகக் காகிதம். 2021-ல் வந்த மத்திய விதியின்படி முதல் பதிவிலிருந்து 50 ஆண்டு தாண்டிய, பெரிய மாற்றம் செய்யாத காரை விண்டேஜ் வாகனமாகப் பதியலாம். புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து ஆண்டு செல்லும், நம்பரில் ‘விஏ’ எழுத்து வரும். அப்படிப் பதிந்த காரைக் கண்காட்சி, ரேலி, பெட்ரோல், பராமரிப்பு போன்றவற்றுக்குத்தான் ரோட்டில் எடுக்கலாம். தினமும் அலுவலகம் போய்வர முடியாது. இன்ஜினை இறக்கிப் பிரிப்பதற்கு முன்பே, சேஸிஸ் எண்ணும் இன்ஜின் எண்ணும் ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப்போகிறதா என்று பார்த்துவிடுங்கள். துருவைச் சுரண்டும் அவசரத்தில் எண் தகட்டையும் சேர்த்துத் தேய்த்துவிட்டால், எத்தனை நல்ல மெக்கானிக்காலும் அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
முத்தியால்பேட்டை, புதுச்சேரி.