பேரேட்டில் இருக்கும் படை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். ‘இந்தக் காலத்து நாட்டுக்குப் பெரிய ராணுவம் எதற்கு?’ என்று கேட்டு, கடந்த ஞாயிற்றுக்கிழமை நீங்கள் வெளியிட்ட கட்டுரையை இரண்டு தடவை படித்தேன். நான் 24 ஆண்டுகள் ராணுவத்தில் இருந்தவன். உடனே நெஞ்சு நிறையப் பதக்கங்களோடு ஒருவரைக் கற்பனை செய்துகொள்ள வேண்டாம். நான் சுட்டது பயிற்சித் திடலில் நின்ற அட்டை மனிதர்களை மட்டும்தான். மற்ற நாளெல்லாம் கிடங்குக் கணக்கு. பூட்ஸ், போர்வை, டயர், பேட்டரி, கடைசிச் சில வருடங்கள் வெடிமருந்து.

அதனால் ‘பெரிய’ என்ற சொல்லில்தான் எனக்குத் தகராறு. எதை எண்ணிப் பெரிது என்கிறோம்?

ஒரு சமயம், ஒரு படைப்பிரிவைக் குளிர்ப் பிரதேசத்துக்கு அவசரமாக அனுப்பும்படி உத்தரவு வந்தது. பேரேட்டில் 1,200 ஜோடி பூட்ஸ். இறங்கி எண்ணினேன், சரியாக 1,200 இருந்தது. ஆனால் முக்கால்வாசி ஐந்தாம் நம்பரும் பதினோராம் நம்பரும். நடு அளவுகளை வருடா வருடம் கொடுத்துத் தீர்த்திருந்தோம். யார் காலுக்கும் ஆகாததுதான் கிடங்கில் தங்கும். அதற்கு முந்தைய மாதம்தான் தணிக்கையில் என் கிடங்கைப் பாராட்டி எழுதிவிட்டுப் போயிருந்தார்கள்.

கட்டுரையாளர் கோஸ்டா ரிகாவைக் காட்டியிருக்கிறார். நல்ல உதாரணம்தான், நானும் மதிக்கிறேன். 1948-ல் உள்நாட்டுப் போர் முடிந்த கையோடு, டிசம்பர் 1-ம் தேதி, வென்ற அணியின் தலைவர் ஹோசே ஃபிகரெஸ் தலைநகரில் இருந்த படைமுகாமின் சுவரைச் சம்மட்டியால் அடித்து, ராணுவத்தைக் கலைப்பதாக அறிவித்தார். இன்று அந்தக் கட்டடம் தேசிய அருங்காட்சியகம். சுற்றியிருந்த நாடுகளில் தளபதிகள் மாறி மாறி ஆட்சியைப் பிடித்துக்கொண்டிருந்த காலத்தில் அங்கே தேர்தல் தவறாமல் நடந்தது. படை இல்லாததால் அந்த நாட்டுக்குக் கிடைத்த பெரிய லாபம் மிச்சமான பணம் என்று கட்டுரையாளர் எழுதுகிறார். என்னைக் கேட்டால், துப்பாக்கியை உள்பக்கம் திருப்ப ஆள் இல்லாமல் போனதுதான் அதைவிடப் பெரிய லாபம்.

ஆனால் கதை 1955-க்கும் போகவேண்டும். நிகரகுவா பக்கமிருந்து ஆயுதக் குழுக்கள் உள்ளே வந்தபோது, கோஸ்டா ரிகா அமெரிக்க நாடுகள் அமைப்பிடம் முறையிட்டது. அதன் ஏற்பாட்டில் அமெரிக்கா நான்கு போர் விமானங்களை, ஒன்று ஒரு டாலர் என்று பெயருக்கு விலை போட்டுக் கொடுத்தது. ஆக, ஒரு பெரிய படை இருக்கத்தான் செய்தது. வேறொருவர் செலவில் இருந்தது, அவ்வளவுதான்.

ஐஸ்லாந்தும் அப்படியே. சொந்த ராணுவம் கிடையாது. ஆனால் 1949-ல் நேட்டோ என்ற மேற்கத்திய ராணுவக் கூட்டணி தொடங்கியபோதே அதில் உறுப்பினர். 2006 வரை அங்கே கெஃப்லாவிக் என்ற ஊரில் அமெரிக்கப் படைத்தளம் இருந்தது. மீன்பிடி எல்லைக்காகப் பிரிட்டனோடு மல்லுக்கு நின்று, கடலோரக் காவல் கப்பல்களை வைத்து பிரிட்டிஷ் படகுகளின் வலையை அறுத்துவிட்டு, 1976-ல் 200 கடல் மைல் எல்லையை ஒப்புக்கொள்ளவும் வைத்தார்கள். கேட்கவே சந்தோஷமாக இருக்கும். பிரிட்டன் இறங்கிவந்ததற்கு, நேட்டோவுக்கு அந்தத் தளம் வேண்டியிருந்தது என்பதும் ஒரு காரணம். எல்லா நாட்டுக்கும் அப்படி ஒரு துருப்புச்சீட்டு வாய்க்காது. 1990 ஆகஸ்ட் 2-ம் தேதி குவைத்திடம் சிறிய படையும் நிறைய எண்ணெயும் இருந்தன. இரண்டே நாளில் நாடு கைமாறியது. திருப்பி வாங்க ஒரு பெரிய கூட்டணியும் ஏழு மாதமும் தேவைப்பட்டன.

இதைப் படித்துவிட்டு, ‘பார்த்தீர்களா, பெரிய படை வேண்டும் என்று ராணுவக்காரரே சொல்லிவிட்டார்’ என்று யாரும் வெட்டி ஒட்ட வேண்டாம். குவைத்தைப் பிடித்த இராக்கின் படை அன்றைய உலகின் மிகப் பெரிய படைகளில் ஒன்று. சுமார் பத்து லட்சம் பேர் என்றார்கள். 1991 பிப்ரவரியில் தரைப்போர் தொடங்கி நூறு மணி நேரத்தில் முடிந்தது. அதே நாட்டில் 2014 ஜூனில் மொசூல் நகரம், அங்கே காவல் நின்ற படையைவிட மிகச் சிறிய ஐ.எஸ். கூட்டத்திடம் விழுந்தது. அந்த ஆண்டு இறுதியில் பிரதமர் ஹைதர் அல்-அபாதி நாடாளுமன்றத்தில் விஷயத்தை உடைத்தார்: சம்பளப் பட்டியலில் 50,000 பேர் ‘ஆவிச் சிப்பாய்கள்’. பெயர் இருக்கும், சம்பளம் போகும், ஆள் இருக்கமாட்டார். நான் செய்தித்தாளை மடித்து வைத்துவிட்டுச் சிரித்தேன். என் பூட்ஸாவது, காலுக்குப் பொருந்தாவிட்டாலும், கிடங்கில் இருந்தது.

உக்ரைனிலும் முதலில் இதே கதைதான். சோவியத் யூனியன் உடைந்தபோது அதற்குக் கிடைத்த படை ஏழு லட்சத்துக்கும் மேல். 2014-ல் கிரிமியா ரஷ்யாவிடம் பறிபோன நேரத்தில், தரைப்படைக் கணக்கில் இருந்த 41,000 பேரில் போருக்குத் தயாராக இருப்பது 6,000 பேர்தான் என்று அவர்களது பாதுகாப்பு அமைச்சரே ஒப்புக்கொண்டார். எட்டு வருடம் கழித்து அதே நாடு நின்று சண்டை போட்டது. எதிரே வந்த ரஷ்யப் படையோ, 2022 மார்ச் முதல் வாரத்தில் தலைநகர் கீவுக்கு வடக்கே சுமார் 60 கிலோமீட்டர் நீளத்துக்கு வண்டிகளாக நின்றது. எரிபொருளும் சாப்பாடும் போய்ச் சேரவில்லை என்று செய்திகள் வந்தன. அந்தச் செயற்கைக்கோள் படத்தைப் பார்த்த அன்று எனக்குத் தூக்கமே வரவில்லை. எந்தக் கிடங்கில் எந்தக் கணக்குப்பிள்ளை எதை ‘இருக்கிறது’ என்று எழுதிவைத்தானோ என்று மனம் அதையே சுற்றி வந்தது.

‘இனி ட்ரோன் போதும், ஆள் வேண்டாம்’ என்று கட்டுரையின் கடைசிப் பத்தி சொல்கிறது. ட்ரோனை இன்று உக்ரைனைவிட அதிகம் அறிந்த நாடு ஒன்றிரண்டுதான் இருக்கும். அதற்கென்றே 2024-ல் தனிப் படைப்பிரிவு ஏற்படுத்தினார்கள். அதே 2024 ஏப்ரலில், போருக்கு அழைக்கும் வயதை 27-லிருந்து 25-ஆகக் குறைத்துச் சட்டமும் போட்டார்கள். ட்ரோன் டாங்கியை உடைக்கும். பதுங்குகுழியில் ராத்திரி முழுக்க உட்கார்ந்து இடத்தைக் காக்க மனிதன்தான் போகவேண்டியிருக்கிறது. அந்த ட்ரோனுக்கும் பேட்டரி வேண்டும். பேட்டரி அலமாரியில் சும்மா கிடந்தாலே கெடும் பொருள் என்பதை நான் சொல்லித்தான் தெரியவேண்டும் என்பதில்லை.

குண்டுக் கணக்கு இன்னும் மோசம். 1915-ல் பிரிட்டனில் பீரங்கிக் குண்டு பற்றாக்குறை அரசாங்கத்தையே ஆட்டிவைத்தது. அதற்காகவே தனி அமைச்சகம் திறந்து லாய்ட் ஜார்ஜை உட்கார வைத்தார்கள். நூறு வருடம் கழித்து, 2022-ல், மேற்கத்திய நாடுகளுக்கு மறுபடி அதே பாடம். அமெரிக்கா அப்போது 155 மில்லிமீட்டர் பீரங்கிக் குண்டுகளை மாதத்துக்கு ஏறத்தாழ 14,000 என்ற கணக்கில்தான் தயாரித்தது. போர்முனையில் அது சில நாள் செலவு. உலகிலேயே ராணுவத்துக்கு அதிகம் செலவழிக்கும் நாட்டின் நிலைமை அது. அணிவகுப்பில் பீரங்கி போகும்போது கைதட்டுகிறார்கள். குண்டுக் கிடங்குக்குக் கைதட்டி நான் பார்த்ததில்லை.

எனக்குச் சரியென்று படுவது ஃபின்லாந்து செய்வதுதான். ஐம்பத்தைந்து லட்சத்துச் சொச்சம் மக்கள். ரஷ்யாவோடு 1,300 கிலோமீட்டருக்கு மேல் எல்லை. சமாதான காலத்தில் முழுநேர வீரர்கள் சில ஆயிரம் பேர்தான். ஆனால் இளைஞர்கள் 165, 255 அல்லது 347 நாள் பயிற்சி எடுத்துவிட்டு அவரவர் வேலைக்குத் திரும்புகிறார்கள். கூப்பிட்டால் 2,80,000 பேர் கொண்ட போர்க்காலப் படை நிற்கும். இதைவிட எனக்குப் பிடித்தது அவர்களுடைய கிடங்குகள். தானியம், எரிபொருள், மருந்து எல்லாவற்றையும் நெருக்கடிக்கென்று சேர்த்துவைக்க ஒரு தனி அமைப்பே உண்டு. 2020-ல் பெருந்தொற்று வந்து மற்ற நாடுகள் முகக்கவசத்துக்கு அடித்துக்கொண்டபோது, அவர்கள் பழைய இருப்பைத் திறந்தார்கள். சில பெட்டிகள் காலாவதி ஆகியிருந்தன என்பதும் உண்மை. அதற்காக நான் அவர்களைக் குறை சொல்லமாட்டேன், எனக்குத் தெரியும் அந்தக் கஷ்டம். குறை என்று சொன்னால், பயிற்சி கட்டாயமாக இருப்பது ஆண்களுக்கு மட்டும் என்பது. அதை அவர்களே விவாதித்துக்கொண்டிருக்கிறார்கள்.

வெள்ளம் வந்தால் யார் மீட்பது, வேலையில்லாத இளைஞர்கள் எங்கே போவார்கள் என்றெல்லாம் பெரிய படைக்கு ஆதரவாகச் சிலர் பேசுவார்கள். மீட்புக்குப் படகும் பயிற்சியும் போதும், டாங்கி வேண்டியதில்லை. வேலை கொடுப்பதற்காக ஆள் சேர்க்கும் படையில், சம்பளமும் ஓய்வூதியமும் போக குண்டு வாங்குவதற்குக் காசு மிஞ்சாது. இதைச் சொல்கிற நானும் மாதா மாதம் ஓய்வூதியம் வாங்குகிறவன்தான். என் பங்குக்கு எத்தனை குண்டு குறைந்திருக்கும் என்று ஒருநாள் கணக்குப் போட உட்கார்ந்தேன். பாதியில் எழுந்துவிட்டேன்.

எனவே நிற்கும் படை சிறியதாகவே இருக்கட்டும். அழைத்தால் பெருகுகிற படையாக, மாதக்கணக்கில் தாங்குகிற இருப்போடு, சரியான அளவு பூட்ஸோடு இருக்கட்டும். உங்கள் நிருபர் அடுத்த முறை எந்த நாட்டுப் படையைப் பற்றி எழுதினாலும், எத்தனை பேர், எத்தனை விமானம் என்று கேட்டுவிட்டு எழுந்துவிட வேண்டாம். சண்டை வந்தால் எத்தனை நாளுக்குக் குண்டு இருக்கிறது என்று ஒரு கேள்வி கேட்கட்டும். ரகசியம் என்பார்கள். எந்த நாட்டிலும் அது ரகசியம்தான். பதில் வராவிட்டாலும் பரவாயில்லை, அந்தக் கேள்விக்கு அதிகாரியின் முகம் எப்படிப் போகிறது என்று மட்டும் பார்த்து வந்து எழுதச் சொல்லுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிடங்குக் கணக்குப்பிள்ளை ஒருவன்