எரிக் கேம்ப்பெலின் பெயரைத் திரையில் போடுங்கள்: மௌனப் படங்களை மறுவெளியீடு செய்வோருக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

சார்லி சாப்ளின் 1916, 1917 ஆகிய இரண்டு ஆண்டுகளில் மியூச்சுவல் நிறுவனத்துக்காக எடுத்துத் தந்த பன்னிரண்டு குறும்படங்களைக் கீறல் நீக்கி, இசை சேர்த்து, மீண்டும் எங்கள் கண்முன் கொண்டுவருகிற உங்கள் அனைவருக்கும் முதலில் நன்றி கூறுகிறேன். அந்தப் படங்களின் வரலாறு என்னைவிட உங்களுக்கு நன்றாகத் தெரியும் என்பதால் அதை இங்கே விரித்துச் சொல்லப் போவதில்லை. நான் கேட்க வந்தது ஒன்றே ஒன்று. அந்தப் பன்னிரண்டில் பதினொரு படங்களில் நடித்த எரிக் கேம்ப்பெல் என்ற ஆங்கிலேயக் குணச்சித்திர நடிகரின் பெயரை, நீங்கள் வெளியிடும் படங்களின் தொடக்கத்திலேயே, அவர் ஏற்ற வேடத்தோடு சேர்த்துப் போடுங்கள்.

இந்த மடலை எழுதவைத்த நிகழ்ச்சியையும் சொல்லிவிடுகிறேன். சென்ற மாதம் நண்பர்கள் சிலர் சேர்ந்து பள்ளிப் பிள்ளைகளுக்கு 'ஈஸி ஸ்ட்ரீட்' படத்தைத் திரையிட்டோம். தெருவையே நடுங்கவைக்கும் முரடன் தன் பலத்தைக் காட்டுவதற்காக எரிவாயு விளக்குக் கம்பத்தை வெறுங்கையால் வளைக்கிறான். போலீஸ்காரர் சாப்ளின் அவன் முதுகில் தாவி ஏறி, விளக்குக் கூண்டுக்குள் அவன் தலையை நுழைத்து, வாயுவைத் திறந்துவிடுகிறார். பிள்ளைகள் சிரித்துச் சிரித்துக் களைத்துப் போனார்கள். படம் முடிந்ததும் முதல் வரிசையில் இருந்த ஒரு சிறுமி, "அந்தப் பெரிய மாமா பேர் என்ன?" என்று கேட்டாள். நான் சொன்னேன். பக்கத்தில் இருந்த ஆசிரியர், அது எங்கே போட்டிருக்கிறது, குறித்துக்கொள்கிறேன் என்றார். காட்டுவதற்கு என்னிடம் ஒன்றும் இல்லை. திரையில் சாப்ளின் பெயர் மட்டும் இருந்தது. வட்டின் உறையில் "சாப்ளினும் பிறரும்" என்று இருந்தது. உள்ளே வைத்திருந்த சிற்றேட்டிலோ அவரை "ராட்சத உருவம் கொண்ட ஒருவர்" என்று எழுதியிருந்தார்கள்.

வெளியிட்ட நிறுவனத்துக்கு இரண்டு முறை எழுதினேன். இரண்டாவது மடலுக்குப் பதில் வந்தது. மூலப் பிரதியில் நடிகர் பட்டியல் இல்லை, மூலத்தில் இல்லாததைச் சேர்ப்பது எங்கள் கொள்கை அல்ல என்று பணிவாகவே எழுதியிருந்தார்கள். அந்தப் பதிலை இரண்டு நாள் மேசைமேல் வைத்திருந்தேன். பிறகுதான் உங்கள் எல்லோருக்கும் பொதுவாக எழுதுவதென்று முடிவு செய்தேன்.

அன்றைய குறும்படங்களில் துணை நடிகர்களின் பெயரைத் திரையில் போடும் வழக்கம் பெரும்பாலும் இல்லை என்பது உண்மைதான். ஆனால் மூலத்தில் இல்லாதவை உங்கள் பிரதிகளில் எத்தனையோ இருக்கின்றன. உங்கள் நிறுவனத்தின் சின்னம், நிதி தந்தவர்களின் பெயர்கள், புதிய இசையை அமைத்தவரின் பெயர், கீறல் நீக்கிய கூடத்தின் பெயர் எல்லாம் படத்துக்கு முன்னால் வரிசையாக வருகின்றன. அவர்களுடைய உழைப்புக்கு அந்த மரியாதை தகும். அதில் எனக்கு எந்தக் குறையும் இல்லை. நூறு ஆண்டு கழித்துப் படத்தைத் துடைத்தவர்களுக்கு இடம் இருக்கும்போது, அந்தப் படத்துக்குள் அடி வாங்கி, உருண்டு, சறுக்குச் சக்கரத்தில் விழுந்து எழுந்தவருக்கு ஒரு வரி இடம் இல்லையா என்பதுதான் என் கேள்வி.

அவர் அந்தப் படங்களில் கூட்டத்தோடு கூட்டமாக வந்து போனவர் அல்லர். 1880-இல் இங்கிலாந்தின் செஷயர் மாவட்டத்தில் சேல் என்ற ஊரில் பிறந்தவர். ஸ்காட்லாந்தின் டனூனில் பிறந்தவர் என்று நெடுங்காலம் நம்பப்பட்டு வந்ததால் அந்த ஊரில் அவருக்கு நினைவுப் பலகையே வைத்திருக்கிறார்கள். பிரெட் கார்னோவின் நாடகக் குழுவில் தேறி, அமெரிக்காவுக்குச் சென்று, நியூயார்க்கில் மேடை ஏறிக்கொண்டிருந்தபோது சாப்ளினின் கண்ணில் பட்டார். ஆறரை அடிக்குச் சற்றே குறைந்த உயரம், அதற்கேற்ற பருமன், அதன்மேல் ஒட்டுத்தாடியும் மேல்நோக்கி வளைத்து ஒட்டிய புருவங்களும். ஐந்தரை அடியை எட்டாத சாப்ளின் எதிரே வந்து நின்றாலே பாதிக் கதை சொல்லப்பட்டுவிடும்.

உருவத்தை மட்டும் நம்பியவர் என்று நினைத்தால் 'தி இமிக்ரண்ட்' படத்தின் உணவகக் காட்சியை மீண்டும் பாருங்கள். அந்தத் தலைமைப் பரிசாரகர் வேடத்தை முதலில் ஏற்றவர் ஹென்றி பெர்க்மன். அவரை வைத்துப் பல முறை படம்பிடித்த பிறகும் சாப்ளினுக்கு நிறைவு வரவில்லை. வேடம் கேம்ப்பெலின் கைக்கு மாறியது. எடுத்த காட்சிகள் மறுபடி எடுக்கப்பட்டன. கழித்துப் போட்ட அந்தச் சுருள்கள் தப்பிப் பிழைத்திருப்பதால், 1983-இல் கெவின் பிரவுன்லோவும் டேவிட் கில்லும் தயாரித்த தொலைக்காட்சித் தொடரில் இந்த மாற்றத்தை நாம் கண்ணாலேயே பார்க்க முடிந்தது. பத்து சென்ட் குறைவாகக் கொடுத்த ஒருவரைப் பரிசாரகர்கள் கூடி அடித்து வெளியே தள்ளுகிறார்கள். தன் பையில் காசே இல்லை என்று உணர்ந்த சாப்ளின் மிரண்டுபோகிறார். கேம்ப்பெல் அங்கே பெரிதாக ஒன்றும் செய்வதில்லை. நிற்கிறார், பார்க்கிறார், கொடுத்த நாணயத்தைக் கடித்து வளைத்துப் பார்க்கிறார். அந்தப் பார்வையில் உள்ள மிரட்டல் இல்லையென்றால் சாப்ளினின் பதற்றத்துக்குப் பிடிமானமே இருக்காது. சிரிப்பை வரவைப்பவருக்கு எதிரில் சிரிக்காமல் நிற்பவரின் கலை அது. 'தி க்யூர்' படத்தில் கட்டுப்போட்ட வாதக்காலோடு சுழற்கதவில் அகப்பட்டுக்கொள்வதும், 'தி ரிங்க்' படத்தில் அத்தனை பெரிய உடம்போடு சக்கரக் காலணியில் தடுமாறுவதும் எத்தனை பயிற்சியின் விளைவு என்பதை உங்களுக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

இவை அனைத்தும் இரண்டு ஆண்டுக்குள் முடிந்துபோனது. 1917 ஜூலையில் அவர் மனைவி திடீரென இறந்தார். அந்தத் துக்கத்துக்குக் கறுப்பு உடை வாங்கப் புறப்பட்ட மகளைக் கார் மோதிப் படுகாயப்படுத்தியது. செப்டம்பரில், அறிமுகமான சில நாட்களுக்குள் ஒரு மறுமணம். இரண்டு மாதத்துக்குள் மணவிலக்கு வழக்கு. டிசம்பர் 20-ஆம் தேதி, லாஸ் ஏஞ்சலஸ் நகரில், விருந்திலிருந்து குடித்துவிட்டுக் காரை ஓட்டி வந்தபோது நேர்ந்த விபத்தில் உயிர் போயிற்று. வயது 37.

அதன் பிறகு நடந்ததைத்தான் என்னால் மறக்க முடியவில்லை. உடலை எரித்த பின் சாம்பலைப் பெற்றுக்கொள்ள யாரும் வரவில்லை. ஈமச்சடங்கு நடத்திய நிறுவனத்திலேயே அது 1938 வரை இருந்தது. பிறகு ரோஸ்டேல் கல்லறைத் தோட்டத்துக்குப் போய், அங்கேயும் கேட்பாரின்றிக் கிடந்து, 1952-இல் ஒருவழியாக மண்ணுக்குள் வைக்கப்பட்டது. எந்த இடத்தில் என்று குறித்துவைக்கவில்லை. முப்பத்தைந்து ஆண்டுகள். அந்த முப்பத்தைந்து ஆண்டுகளும் அவருடைய படங்கள் ஓடிக்கொண்டே இருந்தன. 1930-களில் இசையும் ஓசையும் சேர்த்து அவற்றைப் புதிதாக வெளியிட்டார்கள். புதுத் தலைமுறை பார்த்துச் சிரித்தது. சாம்பல் கேட்பாரின்றிக் கிடக்க, முகம் ஊர் ஊராகத் திரையில் பெயரில்லாமல் போய்க்கொண்டிருந்தது. அந்தச் சாம்பலுக்கு இனி நாம் செய்யக்கூடியது எதுவும் இல்லை. முகத்துக்குச் செய்யக்கூடியது இன்னும் உங்கள் கையில் இருக்கிறது. அதனால்தான் திரும்பவும் கேட்கிறேன்: படத்தின் தொடக்கத்தில் எரிக் கேம்ப்பெல் என்று எழுதுங்கள்.

எழுத வந்த இடத்தில் இன்னொன்றையும் சொல்லாமல் விட மனம் வரவில்லை. இந்தப் படங்களுக்கு அமெரிக்காவில் காப்புரிமை காலாவதியாகிவிட்டதால் யார் வேண்டுமானாலும் வெளியிடலாம் என்றாகி, எவருக்கும் பொறுப்பில்லை என்ற நிலைக்கு வந்து நிற்கிறது. ஏறக்குறைய சதுரமான சட்டத்துக்குள் (ஃப்ரேமுக்குள்) எடுத்த படத்தை இன்றைய அகலத் திரைக்குப் பொருத்துவதற்காக மேலும் கீழும் வெட்டுகிறார்கள். அப்படி வெட்டும்போது யாருடைய தலை போகும் என்று ஒருமுறையாவது பார்த்தீர்களா? சாப்ளினின் தொப்பி தப்பிவிடுகிறது. கேம்ப்பெலின் புருவம் போய்விடுகிறது. நான் வைத்திருக்கும் ஒரு பிரதியில் 'பிஹைண்ட் தி ஸ்க்ரீன்' படத்தின் பல காட்சிகளில் அவர் தாடியும் மார்புமாக மட்டுமே நிற்கிறார். பெயரையும் போடாமல் தலையையும் வெட்டிவிட்டால் அந்த மனிதரில் மீதி என்ன இருக்கிறது? மெதுவான வேகத்தில் கைப்பிடி சுற்றி எடுத்த படத்தை நொடிக்கு இருபத்து நான்கு சட்டமாக ஓட்டி, நடிப்பையெல்லாம் பொம்மலாட்டத் துள்ளலாக்கிவிடுவதும் இதே அலட்சியத்தின் இன்னொரு முகம். 'தி பான்ஷாப்' படத்தில் தான் அடகு வைக்கக் கொண்டுவந்த கடிகாரத்தைச் சாப்ளின் பிரித்துக் கூறுபோடுவதை முகத்தில் ஒரு தசையும் அசையாமல் பார்த்துக்கொண்டிருக்கிறாரே ஆல்பர்ட் ஆஸ்டின், பர்மிங்காமில் பிறந்த இன்னோர் ஆங்கிலேயர், அவர் கதியும் இதுதான்.

கோபம் வார்த்தையை மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன். உங்கள் உழைப்பு இல்லையென்றால் இந்தப் படங்களே எங்களை வந்து சேர்ந்திருக்காது என்பதை நான் மறக்கவில்லை. மூலத்தைத் தொடக்கூடாது என்ற உங்கள் நெறியையும் மதிக்கிறேன். ஆகவே பழைய எழுத்துப் பலகைகளில் கைவைக்கும்படி நான் கேட்கவில்லை. உங்கள் சின்னமும் நன்றியுரையும் வருகிற புதிய பலகைகளுக்குப் பக்கத்தில் இன்னும் ஒரு பலகை, ஐந்து நொடி போதும். இணையத்தில் படத்தை ஏற்றுபவர்கள் விவரக் குறிப்பில் "பிறரும்" என்ற சொல்லை எடுத்துவிட்டு அந்த இடத்தில் பெயர்களை எழுதலாம். காப்பகங்கள் தங்கள் பட்டியலில் பிறந்த ஊரைச் சேல் என்று திருத்தலாம்.

எந்தப் படத்தில் எந்த வேடம் என்று தேட வேண்டிய சிரமமும் உங்களுக்கு வேண்டாம். 'தி ஃப்ளோர்வாக்கர்' படத்தில் கடையின் மேலாளர், 'தி ஃபயர்மேன்' படத்தில் தீயணைப்புத் தலைவர், 'தி வேகபாண்ட்' படத்தில் நாடோடிக் கூட்டத் தலைவன், 'தி கவுண்ட்' படத்தில் தையற்கடை முதலாளி, 'தி பான்ஷாப்' படத்தில் திருடன், 'பிஹைண்ட் தி ஸ்க்ரீன்' படத்தில் கோலியாத் என்ற அரங்கத் தொழிலாளி, 'தி ரிங்க்' படத்தில் திருவாளர் ஸ்டவுட், 'ஈஸி ஸ்ட்ரீட்' படத்தில் தெரு முரடன், 'தி க்யூர்' படத்தில் வாதக்கால் நோயாளி, 'தி இமிக்ரண்ட்' படத்தில் தலைமைப் பரிசாரகர், 'தி அட்வென்ச்சரர்' படத்தில் தாடிக்காரக் காதலர். பதினொன்றும் எரிக் கேம்ப்பெல்.

வரும் டிசம்பரில் அதே பள்ளியில் 'தி இமிக்ரண்ட்' திரையிடுவதாக இருக்கிறோம். அதற்குள் உங்களில் ஒருவராவது பெயர் போட்ட பிரதியை வெளியிட்டால் அதையே வாங்கித் திரையிடுவோம். தயவுசெய்து ஆவன செய்யுமாறு மிகுந்த பணிவோடு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மௌனப் பட ரசிகன் ஒருவன்