செல்வத்துக்கு, சிட்னியைப் பற்றி

தாரமங்கலம்
03.02.2021

அன்புள்ள செல்வத்துக்கு,

அங்கே வெளிநாட்டில் உன் அறையில் தங்கியிருக்கும் பையன் போன சனிக்கிழமை வீட்டுக்கே வந்து கடிதத்தைக் கொடுத்துவிட்டுப் போனான். தினமும் வாட்ஸ்அப்பில் பேசுகிறவன் எதற்கு நான்கு பக்கம் எழுதியிருக்கிறான் என்று நினைத்துக்கொண்டே பிரித்தேன். மூன்றாம் பக்கத்துக்கு வந்ததும் புரிந்தது. போனில் சொல்ல முடியாததைத்தான் எழுதியிருக்கிறாய். அதற்குக் கடைசியில் வருகிறேன். முதலில் கிரிக்கெட்.

இங்கே எல்லாரும் நலம். தறி மறுபடியும் ஓடுகிறது. நூல் விலைதான் ஏறிக்கொண்டே போகிறது, பொங்கல் ஆர்டர் பாதிகூட வரவில்லை. பேத்திக்கு இன்னும் போனில்தான் பாடம். அதனால் காலை ஒன்பது மணிக்கு மேல் என் போன் என்னிடம் இருப்பதில்லை. ஆஸ்திரேலியாவில் நடந்த கடைசி மூன்று டெஸ்டும் விடியற்காலை ஐந்து மணிவாக்கிலேயே தொடங்கியது நல்லதாகப் போயிற்று. தறிக்கு ஆள் வருவதற்குள் உணவு இடைவேளை வரைக்கும் பார்த்துவிடுவேன்.

ஆஸ்திரேலியாவில் ஆடிவிட்டு ஊர் திரும்பிய நம் பக்கத்துப் பவுலர் நடராஜனைப் போய்ப் பார்த்தாயா என்று கேட்டிருந்தாய். பார்த்தேன். ஜனவரி 21ஆம் தேதி சின்னப்பம்பட்டிக்குப் போயிருந்தேன். குதிரை பூட்டிய சாரட்டு வண்டியில் கூட்டிவந்தார்கள். மேளம், மாலை, தேசியக்கொடி, வீட்டுக்கு வீடு மொட்டை மாடியில் ஜனங்கள். என்னால் வண்டிக்குப் பக்கத்தில் போக முடியவில்லை. தூரத்தில் இருந்து முகத்தை மட்டும் பார்த்தேன். ரொம்பக் கூச்சப்பட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அப்பா தறி வேலைக்குப் போனவர், அம்மா சாலையோரத்தில் கடை வைத்திருந்தவர். டென்னிஸ் பந்தில் விளையாடிப் பழகிய பிள்ளை. நம் பக்கத்துத் தரிசு நிலங்களில் இன்றைக்கும் அப்படித்தானே ஞாயிற்றுக்கிழமை பையன்கள் விளையாடுகிறார்கள்.

அவர் ஆஸ்திரேலியாவுக்குப் போனது நெட் பவுலராக, செல்வம். அதாவது மற்றவர்கள் பேட்டிங் பழகுவதற்காகப் பந்து போடப் போன ஆள். வருண் சக்கரவர்த்திக்குத் தோளில் அடிபட்டதால் டி20 அணியில் இடம் கிடைத்தது. டிசம்பர் 2ஆம் தேதி கான்பெராவில் ஒருநாள் போட்டி, இரண்டு நாள் கழித்து அதே ஊரில் டி20. டி20 தொடர் முடிந்ததும் ஹர்திக் பாண்டியா தனக்குக் கொடுத்த தொடர் நாயகன் கோப்பையைக் கொண்டுவந்து இவர் கையில் கொடுத்தார். அப்புறம் மாட்டுப்பொங்கல் அன்று பிரிஸ்பேனில் டெஸ்ட். ஒரே பயணத்தில் மூன்று வகை ஆட்டத்திலும் அறிமுகமான இந்தியர் இவருக்கு முன்னால் யாரும் இல்லை. அன்றைக்கு மாட்டுக்குப் பொட்டு வைத்துக்கொண்டிருந்த என் தம்பி, ஆஸ்திரேலியாவின் வேடும் லபுஷேனும் அவுட்டான சத்தம் கேட்டு குங்குமக் கையோடு உள்ளே ஓடிவந்தான். லபுஷேன் சதம் அடித்திருந்தார், அவரை எடுத்தது நம்ம ஊர்ப் பிள்ளை.

நவம்பரில் ஐபிஎல் நடந்துகொண்டிருந்தபோது அவருக்கு மகள் பிறந்தாள். அங்கிருந்தே ஆஸ்திரேலியாவுக்குப் போய்விட்டதால் குழந்தையைக் கையில் வாங்கியது ஜனவரியில்தான். வந்ததும் பழனிக்குப் போய் மொட்டை போட்டுக்கொண்டார். அந்தப் படத்தை என் வீட்டுக்காரி போனில் வைத்துக்கொண்டு அக்கம்பக்கத்துக்கெல்லாம் காட்டுகிறாள்.

சரி, உன் வாதத்துக்கு வருகிறேன். பிரிஸ்பேனின் கபா மைதானத்தில், தொடரின் கடைசி டெஸ்டில் கிடைத்த வெற்றிதான் நம் காலத்தின் பெரிய வெற்றி, அதற்கு முன் நடந்ததெல்லாம் முன்னுரை என்று எழுதியிருக்கிறாய். வெற்றி பெரியது என்பதை நானும் ஒப்புக்கொள்கிறேன். 1988க்குப் பிறகு எந்த அணியிடமும் ஆஸ்திரேலியா அந்த மைதானத்தில் தோற்றதில்லை. நம் ஐந்து பவுலர்களும் சேர்ந்து அதற்கு முன் ஆடியது நான்கே டெஸ்ட். அதிலும் ஷர்துல் தாக்கூர் ஆடிய ஒரு டெஸ்ட் என்பது பத்துப் பந்து போட்டுவிட்டுக் காயத்தோடு வெளியேறியது. 186க்கு 6 விக்கெட் போன பிறகு அவரும் நம் வாஷிங்டன் சுந்தரும் 123 ரன் சேர்த்தார்கள். இரண்டாவது இன்னிங்ஸில் வெற்றிக்கு 328 வேண்டும். கில் 91. பந்த் 89, கடைசி வரை அவுட் இல்லை. புஜாரா உடம்பில் பதினொரு முறை பந்து வாங்கிக்கொண்டு 211 பந்து நின்றார். அந்தக் கடைசி நான்கு ரன்னை பந்த் நேராக அடித்தபோது நானும் கத்தினேன். கோப்பையை வாங்கிய கேப்டன் ரஹானே அதை நடராஜன் கையில் கொடுத்ததைப் பார்த்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டேன்.

ஆனாலும் யாராவது என்னிடம் ஒரே ஒரு நாளைத் திரும்பப் பார்க்கலாம் என்று சொன்னால், நான் கேட்பது அதற்கு முந்தின டெஸ்டான சிட்னியின் ஐந்தாம் நாள். ஜனவரி 11, திங்கட்கிழமை.

அதற்கு முன்னால் அடிலெய்டில் நடந்த முதல் டெஸ்டை நினைத்துக்கொள். இரண்டாவது இன்னிங்ஸில் நாம் எடுத்தது 36 ரன். பதினொரு பேரில் ஒருவர்கூட இரட்டை இலக்கத்தைத் தொடவில்லை. ஹேசில்வுட் எட்டே ரன் கொடுத்து ஐந்து விக்கெட் எடுத்தார். ஷமியின் கை உடைந்தது. கோலி முதல் குழந்தைக்காக ஊருக்குக் கிளம்பினார். இனி நான்குக்குப் பூஜ்யம், நான்கு டெஸ்டும் தோல்விதான் என்று பேசாத ஆள் இல்லை. அன்று சாயங்காலம் நீயும் அதையேதான் சொன்னாய், நானும் மறுக்கவில்லை. அந்த 36க்கு அடுத்த டெஸ்டில் மெல்போர்னில் ரஹானே அடித்த 112 இருக்கிறதே, அதைப் பற்றியே தனியாக ஒரு கடிதம் எழுதலாம். ஜடேஜா கூப்பிட்ட ரன்னுக்கு ஓடி ரன் அவுட் ஆன பிறகும், முகம் வாடி நின்ற ஜடேஜாவைத் தட்டிக்கொடுத்துவிட்டுத்தான் வெளியேறினார். அந்த மேட்சில் ஆட்ட நாயகனுக்குக் கொடுத்த பதக்கத்துக்கு முல்லா பதக்கம் என்று பெயர். 1868இல் இங்கிலாந்துக்குப் போன ஆஸ்திரேலியப் பழங்குடி அணியில் ஆடிய ஜானி முல்லாவின் பெயர். ஆஸ்திரேலியாவில் இருந்து வெளிநாட்டுக்குப் பயணம் போன முதல் அணியே அதுதானாம். என் மகன் சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்தப் பதக்கத்தை முதன்முதலில் வாங்கியவர் ரஹானே என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சிட்னிக்கு வருகிறேன். வெற்றிக்கு 407. நான்காம் நாள் முடிவில் 98க்கு 2. ஐந்தாம் நாள் தொடங்கியதுமே ரஹானே போய்விட்டார். பந்த் வந்து 118 பந்தில் 97 அடித்தார். அவர் நின்ற வரைக்கும் ஜெயித்துவிடுவோம் என்றே தோன்றியது. அப்புறம் அவரும் போனார், 77 எடுத்து புஜாராவும் போனார். 272க்கு 5. ஜடேஜாவின் கட்டை விரல் உடைந்திருந்தது. விஹாரி ஒரு ரன் ஓடும்போது தொடைத் தசை பிடித்துக்கொண்டது. ஓட முடியாது. மறுபக்கம் வந்தவர் அஷ்வின். முந்தின இரவு கடும் முதுகுவலியோடு படுத்தவர். காலையில் ஷூ கயிறு கட்டக்கூடக் குனிய முடியவில்லை என்று அவர் மனைவி பிறகு எழுதியிருந்தார்.

ஒருவரால் ஓட முடியாது, ஒருவரால் குனிய முடியாது. எதிரே கம்மின்ஸ், ஹேசில்வுட், ஸ்டார்க், லயன். இரண்டு பேரும் 259 பந்து நின்றார்கள், செல்வம். சேர்த்த ரன் 62. விஹாரி 161 பந்தில் 23. பந்துக்குப் பந்து உடம்பில் வாங்கிக்கொண்டு நின்றார் அஷ்வின். ஸ்டம்ப் மைக்கில் அவர் விஹாரியிடம் தமிழில் பேசுவது கேட்டது. விஹாரி காக்கிநாடாக்காரர், சென்னையில் லீக் ஆடிய பழக்கத்தில் தமிழ் புரியும். அங்கே சிட்னியில், ஆஸ்திரேலியர்கள் சுற்றி நின்று சீண்டிக்கொண்டிருக்கும்போது, இரண்டு பேர் நம் பாஷையில் ஒருவரையொருவர் தேற்றிக்கொண்டு நின்றதைக் கேட்டு எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. தறி போட மறந்து உட்கார்ந்திருந்தேன். ஒன்பது மணிக்குப் பேத்தி வந்து போனைக் கேட்டாள். இன்றைக்கு ஒரு நாள் பாடம் வேண்டாம், என்னோடு உட்கார்ந்து இதைப் பார் என்று பக்கத்தில் உட்கார வைத்துக்கொண்டேன். கடைசியில் டிரா. யாரும் ஜெயிக்கலையா தாத்தா என்று கேட்டாள். எப்படி விளக்குவது என்று தெரியாமல் அவளைக் கட்டிக்கொண்டேன்.

நமக்கு இது புதிதில்லை. 1981 பிப்ரவரியில் டீக்கடை ரேடியோவைச் சுற்றி நின்றோமே. மெல்போர்னில் தொடையில் காயத்தோடு ஊசி போட்டுக்கொண்டு வந்து கபில்தேவ் ஐந்து விக்கெட் எடுத்தார், 143 எடுக்க வேண்டிய ஆஸ்திரேலியா 83க்குச் சுருண்டது. இங்கிலீஷும் இந்தியும் மாறிமாறி வந்த வர்ணனையில் நமக்குப் பாதி புரியவில்லை. விக்கெட் என்ற சொல் வரும்போதெல்லாம் நீ என் தோளில் அடித்தாய். சிட்னி முடிந்த அன்று அந்தத் தோள் நினைவுக்கு வந்தது. நீ பக்கத்தில் இல்லையே என்று இருந்தது.

அதே சிட்னியில் நடந்த இன்னொன்றைச் சொல்லத்தான் இவ்வளவும் எழுதினேன்.

நம் பவுலர் சிராஜின் அப்பா ஹைதராபாத்தில் ஆட்டோ ஓட்டியவர். நவம்பர் 20ஆம் தேதி இறந்துபோனார். அப்போது அணி சிட்னியில் தனிமைப்படுத்தலில் இருந்தது. ஊருக்குப் போவதானால் போகலாம் என்று கிரிக்கெட் வாரியம் சொன்னது. அவர் போகவில்லை. மெல்போர்னில் முதல் டெஸ்ட் ஆடினார். சிட்னியில் தேசிய கீதம் பாடும்போது கன்னத்தில் கண்ணீர் வழிந்ததை நீயும் பார்த்திருப்பாய். அதே மைதானத்தில் எல்லைக்கோட்டுப் பக்கம் நின்றபோது கூட்டத்தில் சிலர் நிறத்தையும் இனத்தையும் சொல்லி ஏசினார்கள். அவர் வாயை மூடிக்கொண்டு போகவில்லை, நேரே வந்து கேப்டனிடம் சொன்னார். ஆட்டம் நின்றது, ஆறு பேரை வெளியேற்றினார்கள். விருப்பமானால் மைதானத்தை விட்டுப் போகலாம் என்று நடுவர்கள் சொன்னார்களாம். தப்பு செய்தது நாம் இல்லை, நாம் ஏன் போக வேண்டும், ஆடுவோம் என்று ரஹானே சொன்னதாக சிராஜ் ஊருக்கு வந்த பிறகு சொன்னார். பிரிஸ்பேனில் இரண்டாவது இன்னிங்ஸில் ஐந்து விக்கெட் எடுத்தார். ஹைதராபாத்தில் விமானத்தில் இருந்து இறங்கி வீட்டுக்குப் போகவில்லை. நேரே அப்பாவின் அடக்கத்தலத்துக்குப் போனார். அங்கே பூப் போட்டுவிட்டுத்தான் வீட்டுக்கு.

அந்தப் படத்தைப் பேப்பரில் பார்த்தபோது உன்னைத்தான் நினைத்தேன். போன ஏப்ரலில் விமானமே இல்லை. அம்மாவைத் தூக்கும்போது உன் தம்பி போனைப் பிடித்துக்கொண்டு நடந்தான், அதில் உன் முகம் சின்னதாகத் தெரிந்தது. சிக்னல் போய்ப் போய் வந்தது. கூட இருந்த நான் அதை மறக்கவில்லை. பத்து மாதமாக நீ அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. இப்போது எழுதியிருக்கிறாய், எப்படியாவது வந்திருக்க வேண்டும், வராதவன் மகனா என்று.

கோலி போனதை நீ குறையாகச் சொல்லியிருந்தாய். எனக்கு அது குறையாகத் தெரியவில்லை. போக முடிந்தவர் போனார், அது சரி. சிராஜால் போக முடிந்தும் இருந்தார், அதுவும் சரி. உனக்கு இரண்டும் இல்லை. வழியே அடைபட்டுக் கிடந்தது. அம்மா உன்னைப் பற்றி என்ன நினைத்தார் என்று எனக்குத் தெரியும், ஏனென்றால் கடைசி வாரம் தினமும் அங்கே போயிருந்தேன். பையன் சாப்பிட்டானா, அங்கே நோய் எப்படி இருக்கிறதாம் என்று என்னிடம்தான் கேட்டுக்கொண்டிருந்தார். ஏன் வரவில்லை என்று ஒரு நாளும் கேட்கவில்லை.

வருகிற வெள்ளிக்கிழமை சேப்பாக்கத்தில் இங்கிலாந்தோடு டெஸ்ட் தொடங்குகிறது. முதல் டெஸ்டுக்கு ஆட்களை விடவில்லை, டிவியில்தான் பார்க்க வேண்டும். அஷ்வின் முதுகு சரியாகிவிட்டது போலிருக்கிறது, பயிற்சியில் பந்து போடுகிறாராம்.

ஏப்ரலில் அம்மாவுக்கு வருஷம் வருகிறது. இனிமேல் வந்து என்ன ஆகப்போகிறது என்று எழுதியிருக்கிறாய். வா. உன் தம்பியிடம் பேசிவிட்டேன். அம்மா இருக்கும் இடத்தைச் சுற்றி முள் வெட்டி, கல் பாவி வைத்திருக்கிறோம். பக்கத்தில் நட்ட அரளி இந்தத் தையில் பூத்துவிட்டது. டிக்கெட் எடுத்ததும் தேதியை மட்டும் சொல். சென்னையில் இறங்கினாலும் சரி, பெங்களூரில் இறங்கினாலும் சரி, வண்டியோடு வந்து நிற்கிறேன். நேரே அங்கே போய்விட்டு, அப்புறம் வீட்டுக்குப் போகலாம்.

உன்
முருகேசன்